கைகள் தெரியும் உயரத்தில்

எர்மெல் குவேவாவை எங்கள் ஊரில் பெயர் சொன்னால் பாதிப் பேருக்குத் தெரியாது. ‘ஊமைக் கொத்தனார்’ என்றால் சின்னப் பிள்ளைகூட வீட்டைக் காட்டும். கட்டமாயோவில் இரண்டாயிரத்துக்குப் பிறகு எழும்பிய மாடி வீடுகளில் நிறைய அவர் பூசியவை. ஸ்பெயினுக்குப் போனவர்கள் அனுப்பிய பணத்தில் கட்டிய வீடுகள். கட்டி முடித்து, ஜன்னல் கம்பிக்கு வண்ணம் அடித்து, பூட்டி வைத்துவிடுவார்கள். குடியிருக்க ஆள் இருக்காது. கரும்புக் காடு எரிக்கிற மாதங்களில் கரி பறந்து வந்து அந்தச் சுவர்களில் படியும். எர்மெல் போய்க் கழுவி, விரிசல் பார்த்து, மறுபடி பூசிவிட்டு வருவார்.

நான் சந்தைக்குப் பின்னால் கம்ப்யூட்டர் கடை வைத்திருக்கிறேன். பக்கத்து நகரம் லோகாவில் இன்ஜினியரிங் இரண்டு வருடம் படித்துவிட்டுப் பாதியில் விட்டவள். ஆனாலும் ஊருக்கு நான் ‘இன்ஜினியரம்மா’. என் பெயர் நார்சிஸா.

எர்மெலுக்குப் பிறந்ததிலிருந்தே காது கேட்காது. அவருக்கு இரண்டு வயது இளைய தங்கை ஏனித்துக்கும் கேட்காது. ஒல்மேதோ என்கிற ஊருக்கு மேலே மலையில் காப்பித் தோட்டம் அவர்களுடையது. காது கேளாத பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் என்று ஒன்று உலகத்தில் இருப்பதே அங்கே யாருக்கும் தெரியாது. அண்ணனும் தங்கையும் காப்பிச் செடிகளுக்கு நடுவே உட்கார்ந்து தங்களுக்கென்று ஒரு பேச்சை உண்டாக்கிக்கொண்டார்கள். எல்லாம் கைப்பேச்சு. காது மடலைக் கிள்ளினால் அம்மா. நாக்கால் கன்னத்தை உள்ளேயிருந்து துருத்தினால் பொய். இரண்டு கைகளையும் வாத்தின் அலகு மாதிரித் திறந்து திறந்து மூடினால், காது கேட்கிறவர்கள். தங்களை நடுவில் வைத்துக்கொண்டே தங்களுக்குப் புரியாமல் எதையோ பேசித் தள்ளுகிறவர்கள் என்று அர்த்தம். பெற்ற தாய்க்கே அந்தப் பேச்சில் ‘வா’, ‘சாப்பிடு’, ‘போதும்’ என்று ஒரு இருபது சொல்தான் தெரியும். மீதி முழுக்க அவர்கள் இருவருக்கு மட்டும் சொந்தம்.

ஏனித்தைக் கட்டியவர் ஒரு லாரி ஓட்டுநர். கட்டமாயோவுக்குக் கூட்டி வந்தார். எர்மெலும் கூடவே வந்தார். அந்த மனிதர் நாலே வருடத்தில் பள்ளத்தாக்கில் லாரியோடு விழுந்து இறந்துபோனார். நெல்வா என்று ஒரே பெண். அவளுக்குக் காது கேட்கும். ஆறு வயதில் படிப்புக்காக மச்சாலா நகரத்தில் இருந்த அப்பாவைப் பெற்றவளிடம் அனுப்பிவிட்டார்கள். லீவுக்கு லீவு வருவாள். வாய்க்கால் ஓரத்து இரண்டு அறை வீட்டில் அண்ணனும் தங்கையும் மட்டும் இருபத்தைந்து வருடம் இருந்தார்கள். மாலையில் அந்தப் பக்கம் போனால் வாசலில் உட்கார்ந்து கைகளால் பேசிக்கொண்டிருப்பார்கள். ஏனித்துக்கு வாய்கொள்ளாச் சிரிப்பு. சத்தம் வெளியே கேட்பதைப் பற்றி அவளுக்குக் கவலையே கிடையாது. சிரிக்கும்போது அவள் எப்படிக் கத்துவாள் என்று அவளுக்கே தெரியாது.

நெல்வா முதலில் ஸ்பெயினுக்குப் போனாள். முர்சியா பக்கம் வயதானவர்களைப் பார்த்துக்கொள்கிற வேலை. பிறகு அம்மாவைக் கூப்பிட்டாள். ப்ரோக்கோலியைத் தரம் பிரித்து அட்டைப்பெட்டியில் அடுக்குகிற கொட்டகையில் வேலை இருந்தது. “அங்க மெஷின் போடற சத்தத்துல எல்லாருமே செவிடுதான். அம்மாவுக்கு ஒரு கஷ்டமும் இருக்காது” என்று எங்களிடம் சொன்னாள். ஒரு டிக்கெட்டுக்குத்தான் அப்போது கையில் காசு இருந்தது. ஏனித் முதலில், எர்மெல் வருடக் கடைசியில் என்று முடிவாயிற்று. இரண்டாயிரத்து மூன்று ஜூனில் ஏனித் போனாள். ஆகஸ்டில் எங்கள் நாட்டுக்காரர்களுக்கு ஸ்பெயின் விசா கேட்க ஆரம்பித்தது. அதோடு அந்தக் கதவு மூடிக்கொண்டது.

மற்றவர்கள் பிரிந்தவர்களோடு போனில் அழுதார்கள். எர்மெலுக்கு அதுவும் இல்லை. எழுதப் படிக்கவும் தெரியாது. ஏனித்திடமிருந்து போட்டோ வரும், அதை என் கடைக்குக் கொண்டுவந்து கவுன்டரில் வைத்து, அவள் முகத்தை விரலால் தொட்டுக் காட்டுவார். பனியில் நிற்கிற ஏனித். தலையில் வலைத்தொப்பியோடு ஏனித். பின்பக்கம் நெல்வா எழுதியிருப்பதை நான் வாசிப்பேன். வாசித்து என்ன செய்வது? அதை அவருக்குச் சொல்ல எனக்குக் கை தெரியாது.

ஒன்றரை வருடம் அப்படிப் போயிற்று. அவரோடு வேலை செய்கிற மேஸ்திரி அஸ்த்ரூபல் ஒருநாள் சொன்னார்: “முன்ன சாரத்துல நின்னுக்கிட்டே தனக்குத்தானே கைய ஆட்டி ஏதாச்சும் பேசிக்கிட்டு இருப்பான் அம்மா. இப்ப அந்தக் கை பூசறதோட சரி. சட்டிய இறக்கி வச்சா பைக்குள்ள போயிடுது.”

இரண்டாயிரத்து நான்கு நவம்பரில் என் கடைக்கு முதல்முதலாக வெப்கேமரா வந்தது. கோழிமுட்டை அளவு, மூன்று குட்டிக் கால். ஆள் வர வேண்டுமே என்பதற்காகத் தெருவைப் பார்த்துக் கவுன்டரில் வைத்து, படத்தைத் திரையில் ஓடவிட்டிருந்தேன். போகிற வருகிறவர்கள் நின்று தலை சீவிக்கொள்வார்கள். எர்மெல் சிமெண்ட் மூட்டையோடு அந்த வழியே போனவர், திரையில் தன்னைக் கண்டார். மூட்டையை இறக்கினார். ஒரு கையைத் தூக்கினார். திரையிலும் கை எழுந்தது. விரல்களை ஒவ்வொன்றாக மடக்கிப் பார்த்தார். பிறகு புருவத்தின் மேல் இரண்டு விரலை வைத்து இழுத்தார். அது ஏனித்தின் பெயர். சின்ன வயதில் அவளுக்குப் புருவத்தில் ஒரு வெட்டுக்காயம். கேமராவைத் தொட்டார், என்னைப் பார்த்தார், கையை விமானம் மாதிரி மேலே செலுத்தி வெகுதூரத்தில் இறக்கினார்.

எங்கள் ஊரில் படித்தவர்களுக்கு அந்தப் பெட்டி எதற்கென்று அரை மணி நேரம் விளக்கியிருக்கிறேன். அவருக்கு நான் விளக்கவில்லை. ஆமாம் என்று தலையை மட்டும் ஆட்டினேன்.

மறுவாரம் பழைய கம்ப்யூட்டர் ஒன்று, கேமரா, மோடம் எல்லாம் வாங்கினார். போன் லைன் வேண்டும். அலுவலகத்துக்கு நானும் போனேன். கண்ணாடிக்குப் பின்னால் இருந்தவர் விண்ணப்பத்தைப் பார்த்தார், எர்மெலைப் பார்த்தார்.

“லைன் இவருக்கா? ஊமைக்கு எதுக்கும்மா போன்? கனவுல பேசவா?”

வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். எனக்குச் சுர்ரென்று வந்தது. “உங்க வீட்ல போன் இருக்குங்களா?”

“இருக்கு. ஏன்?”

“அதுல வீட்டுக்காரம்மாகிட்ட கடைசியா எப்ப நல்லதா நாலு வார்த்தை பேசினீங்க?”

இந்தத் தடவை சிரிப்பு பெரிதாக எழுந்தது. எர்மெல் எல்லார் வாயையும் பார்த்துவிட்டு, என் பக்கம் திரும்பி, இடுப்புக்குக் கீழே யாருக்கும் தெரியாமல் கைகளை வாத்து அலகு மாதிரி ஆட்டிக் காட்டினார். அந்தச் சொல்லை நான் கற்றுக்கொண்டது அன்றுதான். ஜனவரியில் லைன் வந்தது.

ஒரு சனிக்கிழமை அவர் வீட்டில் எல்லாவற்றையும் பொருத்தினேன். கட்டிலும் மேஜையும் போட்டால் நிறைந்துவிடுகிற அறை. கேமராவை எல்லாரும் வைப்பதுபோல மானிட்டர் தலையில் வைத்தேன். திரையில் எர்மெலின் முகம் வந்தது, கழுத்து வந்தது, அதோடு சரி. அவர் தலையை ஆட்டினார். தன் கைகளைத் தூக்கி என் முகத்துக்கு நேரே காட்டினார். முகம் தெரிந்து என்ன பிரயோஜனம், கை தெரிய வேண்டும். நாற்காலியைப் பின்னுக்கு இழுத்தார், கட்டில் இடித்தது. கட்டிலைத் தூக்கி அடுத்த அறையில் போட்டார். அப்படியும் போதவில்லை. கேமராவைக் கையில் எடுத்து, மேஜைக்குப் பின்னால் சுவரில் இங்கே அங்கே பிடித்துப் பார்த்து, இடுப்பிலிருந்து தலைக்கு மேல் ஒரு சாண் வரை தெரிகிற இடத்தில் பென்சிலால் கோடு போட்டார். சாயங்காலத்துக்குள் அந்தக் கோட்டில் சிமெண்டால் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு சின்னத் தட்டு முளைத்திருந்தது.

அடுத்தது வெளிச்சம். அவர் நிறமும் மண்சுவரின் நிறமும் ஒன்று. கை ஆடினால் சுவரோடு கரைந்துபோயிற்று. சுண்ணாம்பு அடித்தார். இப்போது பின்னால் பளீரென்று வெளுத்து அவர் கறுப்பு நிழலாகத் தெரிந்தார். சுண்ணாம்பில் நீலம் கலந்து மறுபடி அடித்தார். நீலத்துக்கு முன்னால் அந்தக் கைகள் தனித்தனி விரலாக, சிமெண்ட் அரித்த நகம் உட்படத் தெரிந்தன. நான் கட்டைவிரலைத் தூக்கினேன். அவர் எனக்குக் காப்பி கொண்டுவந்து கொடுத்துவிட்டு, நான் குடிக்கிற வரை கேமராவுக்கு முன்னால் கைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மறுநாள் ஞாயிறு. இங்கே பகல் பன்னிரண்டு, அங்கே மாலை ஆறு. எர்மெல் குளித்து, தேவாலயத்துக்குப் போடுகிற வெள்ளைச் சட்டை போட்டிருந்தார். நெல்வா அந்தப் பக்கம் தயார் செய்திருந்தாள். மோடம் கத்தி ஓய்ந்தது. திரையில் ஒரு சதுரம் திறந்து, ஒரு சோபா தெரிந்து, அதில் ஏனித் உட்கார்ந்திருந்தாள்.

இருவரும் ஒரே நேரத்தில் கைகளைத் தூக்கினார்கள். ஒன்றரை வருடப் பேச்சு ஒன்றாகப் பாய்ந்தது. படம் திணறிவிட்டது. ஏனித்துக்கு எட்டுக் கை, பத்துக் கை, பிறகு கையே இல்லை, ஒரு புகை மட்டும். எர்மெல் திரையைத் தட்டினார். அவள் முகம் அழுகிறதா சிரிக்கிறதா என்று தெரியாமல் பாதியில் உறைந்து நின்றது. அவர் என்னைத் திரும்பிப் பார்த்த பார்வையை நான் இன்னும் மறக்கவில்லை.

எனக்கு அப்போதுதான் உறைத்தது. நெல்வாவுக்குத் தட்டினேன்: “சத்தத்த நிறுத்திடு. மைக்க கழட்டு. நானும் கழட்டறேன்.” சத்தத்துக்குப் போகிற வேகமெல்லாம் படத்துக்கு வரட்டும். இவர்களுக்கு அது எதற்கு? படத்தைத் தீப்பெட்டி அளவுக்குச் சுருக்கினேன். ஏனித் அசைந்தாள். நின்று நின்று, துண்டு துண்டாக, ஆனால் அசைந்தாள். அண்ணனும் தங்கையும் சீக்கிரமே அதற்குத் தகுந்த மாதிரிப் பேசப் பழகிக்கொண்டார்கள். ஒவ்வொரு சொல்லையும் காற்றில் பிடித்து நிறுத்தி, மூச்சு விடுகிற நேரம் காட்டி, அடுத்ததற்குப் போனார்கள்.

ஏனித் முதலில் என்ன கேட்டாள் என்று நெல்வா படத்துக்குக் கீழே தட்டி எழுதினாள்: “‘ஏன்டா இவ்ளோ கெழவனாயிட்ட?’ன்னு கேக்கறாங்க அக்கா.”

எர்மெல் பதில் சொன்னார். “‘உன் பெட்டி சின்னது, அதான் சுருங்கித் தெரியறேன்’ங்கறார்” என்று எழுதினாள்.

அந்த வருடம் முழுக்க ஞாயிறு பகல் எனக்கு அங்கேதான். முதலில் லைன் போட்டுக் கொடுக்க. சீக்கிரமே அவரே மோடத்தின் விளக்குகளைப் பார்த்துப் போடக் கற்றுக்கொண்டார். அப்புறமும் போனேன். அவர் பச்சைவாழை சூப்பும் உப்புக்கண்டமும் வைத்திருப்பார். ஏனித் தட்டைக் காட்டச் சொல்வாள். கேமராவுக்கு நேரே தட்டைத் தூக்கிக் காட்ட வேண்டும். “உப்பு போட்டியா? முடி வெட்டல? யாரு இந்தச் சட்டைக்குப் பட்டன் தச்சது, குருடனா?” எல்லாம் கைகளில். அவள் வேலை செய்கிற கொட்டகையின் மேலாளர் நடப்பதை உட்கார்ந்தபடியே நடித்துக் காட்டுவாள். எர்மெல் மேஜையைக் குத்திச் சிரிப்பார். எனக்கும் கொஞ்சம் கொஞ்சமாகச் சொற்கள் ஒட்டின. முப்பது, நாற்பது. எனக்கும் பெயர் வைத்திருந்தார்கள்: மூக்கின் மேல் கண்ணாடியைத் தள்ளிவிடுகிற ஒற்றை விரல். சாரத்தின் மேல் எர்மெலின் கைகள் மறுபடி பேச ஆரம்பித்துவிட்டன என்று அஸ்த்ரூபல் வந்து சொன்னார்.

ஆகஸ்டில் இரண்டு ஞாயிறு ஏனித் வரவில்லை. கூடுதல் வேலை என்று நெல்வா சைகையில் மாமாவிடம் சொன்னாள். மூன்றாம் ஞாயிறு வந்தாள். கன்னம் வற்றியிருந்தது. சிரித்துப் பேசினார்கள். நெல்வா கீழே எழுதினாள்.

“அக்கா, நான் எழுதறத மாமா படிக்க மாட்டார்தானே?”

“மாட்டார்.”

“அம்மாவுக்கு மார்புல கட்டி. ஆபரேஷன் ஆயிடுச்சு. அக்குள் வரைக்கும் எடுத்துட்டாங்க. ஆனா ஈரலுக்குப் போயிடுச்சாம். டாக்டர் நம்பிக்கையா பேசல.”

எழுத்துக்கு மேலே அந்தச் சின்னச் சதுரத்தில் ஏனித் கொட்டகையில் எலி புகுந்த கதையை நடித்துக்கொண்டிருந்தாள். எர்மெல் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

“மாமாகிட்ட சொல்லிடாதீங்க. அம்மா சத்தியம் வாங்கியிருக்காங்க. ‘அங்க அவன் தனியா கெடக்கான், தெரிஞ்சா யார்கிட்ட சொல்லி அழுவான்’ங்கறாங்க.”

என் முகத்தில் என்ன ஓடியதோ, எர்மெல் திரும்பினார். எழுத்தைச் சுட்டி, என்ன என்று கேட்டார். நான் விரல்களை மேலிருந்து கீழே ஆட்டினேன். மழை. அங்கே மழையாம். அவர் திரையைப் பார்த்தார். ஏனித்துக்குப் பின்னால் ஜன்னலில் வெயில் அடித்துக்கொண்டிருந்தது. தங்கை பக்கம் திரும்பிக்கொண்டார்.

அதற்குப் பிறகு ஒவ்வொரு ஞாயிறும் எனக்குத் தண்டனையாயிற்று. மேலே அவர்கள் பேசுவார்கள். கீழே, அவர் கண்ணெதிரிலேயே, நெல்வா எழுதுவாள். மருந்து ஏற்றினார்கள். வாந்தி. தலையில் இருப்பது டோப்பா. நான் ‘சரி’, ‘தைரியமா இரு’ என்று தட்டுவேன். போகாமல் நின்றுவிடலாம் என்றுகூட நினைத்தேன். போகாவிட்டால் அவர் சந்தேகப்படுவார் என்று போனேன்.

அக்டோபரில் ஒன்றைக் கவனித்தேன். ஏனித்தின் வலது கை தோளுக்கு மேல் எழவில்லை. ‘பறவை’ என்பது அவர்கள் பேச்சில் தலைக்கு மேல் கையை விரித்துச் சொல்கிற சொல். அவள் அதை நெஞ்சுக்கு நேரே, பூச்சியை விரட்டுவதுபோலச் சொன்னாள். அடுத்த ஞாயிறு பார்த்தால் எர்மெலும் எல்லாவற்றையும் நெஞ்சுக்கு நேரே சொல்கிறார். அவர் கைக்கு என்ன கேடு? நெற்றியில் சொல்ல வேண்டியதைத் தாடைக்கு இறக்கினார். தலைக்கு மேல் சொல்ல வேண்டியதைத் தோளோடு நிறுத்தினார். அவள் வித்தியாசமாகத் தெரியக் கூடாது என்று பேச்சையே தாழ்த்திக்கொண்டுவிட்டார். ஐம்பது வருடம் அந்தக் கைகளைப் பார்த்தவர். அவரிடம் எதை மறைக்க முடியும்?

டிசம்பரில் கேமராவைக் கட்டிலருகே கொண்டுபோயிருந்தாள் நெல்வா. ஏனித் தலையணையில் சாய்ந்து, இடது கையால் மட்டும் பேசினாள். இந்தத் தடவை மறைக்கவில்லை. எனக்குப் பாதிதான் புரிந்தது. மீதியை நெல்வா எழுதினாள்.

“‘நான் தேற மாட்டேன்’னு சொல்லிட்டாங்க.”

எர்மெல் ஒரு சொல் சொன்னார்.

“‘தெரியும்’ங்கறார்.”

“‘எப்பருந்து?’ன்னு அம்மா கேக்கறாங்க.”

“‘உன் பறவை பறக்காதப்பவே’ங்கறார்.”

“‘அப்புறம் ஏன்டா கேக்கல?’”

“‘நீ சொல்லக் கூடாதுன்னு நெனச்ச. அத ஏன் நான் கெடுக்கணும்?’”

அதற்குப் பிறகு பேச்சு வேகமெடுத்தது. ஒற்றைக் கையும் இரட்டைக் கையும். நெல்வா கொஞ்ச நேரம் எழுதவில்லை. பிறகு எழுதினாள்: “இதுக்கு மேல எனக்கே புரியல அக்கா. இது அவங்க ரெண்டு பேரோட சின்ன வயசுப் பேச்சு. நான் பாத்ததே இல்ல.” முக்கால் மணி நேரம் பேசினார்கள். அழவில்லை. ஏனித் களைத்துக் கண்ணை மூடியபிறகும், படம் அறுந்து திரை கறுக்கும்வரை எர்மெல் உட்கார்ந்திருந்தார்.

பிறகு என் பக்கம் திரும்பினார். திரையில் இன்னும் நின்றிருந்த எழுத்துகளைச் சுட்டினார். என்னைச் சுட்டினார். எத்தனை காலம் என்று விரலை மடக்கிக் கேட்டார். பொய் சொல்ல எனக்கு வரவில்லை. நான்கு விரலைக் காட்டினேன். நான்கு மாதம்.

அவர் எழுந்தார். இரண்டு கைகளையும் என் முகத்துக்கு நேரே கொண்டுவந்து, வாத்து அலகு மாதிரி மெதுவாகத் திறந்தார், மூடினார், திறந்தார், மூடினார். வாழ்நாள் முழுக்க அவரை நடுவில் வைத்துக்கொண்டு பேசிய அத்தனை பேரோடும் என்னையும் சேர்த்துவிட்டார். கதவைத் திறந்து பிடித்தார். நான் வெளியே வந்தேன்.

ஜனவரி முழுக்க அந்தப் பக்கம் போகவில்லை. அவர் அஸ்த்ரூபலைக் கூட்டிக்கொண்டு லோகாவில் ஒரு பயண ஏஜென்ட்டிடம் போய் வந்ததாகக் கேள்விப்பட்டேன்.

“விசாவுக்கு நாலு மாசம் ஆகுமாம், அதுவும் கெடைச்சாதானாம்” என்றார் அஸ்த்ரூபல். “நான் நாலு விரல காட்டினேன். அவன் ஏஜென்ட் மேஜைமேல கைய வச்சு, ஒவ்வொரு விரலா மடக்கிட்டு எந்திரிச்சு வந்துட்டான் அம்மா.”

பிப்ரவரியில் ஒரு புதன்கிழமை காலை கடை போன் அடித்தது. நெல்வா.

“அக்கா... போயிட்டாங்க. விடியற்காலைல. நான் கையப் புடிச்சுக்கிட்டுத்தான் இருந்தேன்.” அழுதாள். “மாமாகிட்ட யாரு சொல்லுவா? ஞாயித்துக்கிழமை அவரு வந்து கேமரா முன்னாடி உக்காருவாரே அக்கா.”

“நான் சொல்றேன்” என்றேன்.

சொல்லிவிட்டேனே தவிர, தெருவில் நடக்கும்போதுதான் புரிந்தது, அந்தச் சொல் எனக்குத் தெரியாது என்று. நாற்பது சொல் கற்றிருந்தேன். சாப்பாடு, மழை, பட்டன், எலி, பறவை. இதைச் சொல்கிற சொல்லை அந்த ஒரு வருடமும் அவர்கள் என் முன்னால் சொன்னதே இல்லை.

விமான நிலையத்துக்குப் போகிற சாலையில் ஒரு புது வீட்டின் மாடிச் சுவரைப் பூசிக்கொண்டிருந்தார். அஸ்த்ரூபல் என்னைப் பார்த்ததும் தொப்பியைக் கழற்றினார். சாரத்தின் காலை உதைத்து அதிரவிட்டார். கூப்பிடுவதற்கு அதுதான் வழி. எர்மெல் கீழே பார்த்தார்.

புருவத்தின் மேல் இரண்டு விரலை இழுத்தேன். ஏனித். பிறகு என் கைகள் நின்றுவிட்டன. இரண்டு உள்ளங்கைகளையும் சேர்த்துக் கன்னத்துக்கு அடியில் வைத்துத் தலையைச் சாய்த்தேன். கண்ணை மூடினேன். திறந்தபோது அவர் கரண்டியைச் சட்டியில் வைத்துவிட்டு இறங்கிக்கொண்டிருந்தார்.

என் எதிரே வந்து நின்றார். இல்லை என்று தலையை ஆட்டினார். நான் சொன்னதை நம்பவில்லை என்றுதான் முதலில் நினைத்தேன். அவர் நம்பிவிட்டிருந்தார். சொல் தப்பு என்றுதான் தலையை ஆட்டினார். அது தூக்கம். ஏனித்துக்குத் தூக்கம் என்று சொல்லக் கூடாது. சிமெண்ட் காய்ந்த கைகளால் என் மணிக்கட்டு இரண்டையும் பிடித்தார். காப்பிக் கூடையை ஏந்துவதுபோல நெஞ்சுக்கு முன்னால் நிறுத்தினார். மெதுவாகக் கவிழ்த்தார். விரல்களை ஒவ்வொன்றாக விரித்துவிட்டார். கூடை காலி. என் முகத்தைப் பார்த்தார், புரிந்ததா என்பதுபோல. நானாகவே மறுபடி ஒரு தடவை செய்தேன். ஆமாம் என்று தலையாட்டினார்.

அதற்கப்புறம்தான் அவர் செங்கல் குவியலில் உட்கார்ந்தார். அவர் தொண்டையிலிருந்து ஒரு சத்தம் வந்தது. அதற்கு முன்னும் பின்னும் நான் கேட்டதில்லை. மேலே பூச்சு அரைகுறையாகக் காய்ந்துகொண்டிருந்தது. அஸ்த்ரூபல் ஏறிப்போய் அதை முடித்தார்.

முர்சியாவிலேயே அடக்கம் செய்தார்கள். அந்த ஞாயிறு எர்மெல் வெள்ளைச் சட்டையோடு உட்கார்ந்தார், நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன். அவர் தடுக்கவில்லை. நெல்வா வந்தாள். கல்லறையின் போட்டோவைக் கேமராவுக்கு நேரே பிடித்துக் காட்டினாள். அவளுக்குத் தெரிந்த கைப்பேச்சு வீட்டுப் பேச்சு. சாப்பிட்டீங்களா, உடம்பு எப்படி, வேலை இருக்கா. அதைப் பத்து நிமிஷத்தில் பேசி முடித்துவிடலாம். மீதி நேரம் இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டிருப்பார்கள். கொஞ்ச நாள் வாராவாரம் வந்தாள். பிறகு மாதம் ஒரு முறை. கல்யாணம், குழந்தை, இரவு வேலை. அவள்மேல் குறை சொல்ல மாட்டேன். குழந்தையைத் தூக்கிக் காட்டியபோது எர்மெல் சிரித்தார். அதன் காதருகே கையைத் தட்டிக் காட்டச் சொன்னார். குழந்தை திரும்பிப் பார்த்தது. கேட்கிறது. அவருக்குச் சந்தோஷமா வருத்தமா என்று எனக்குத் தெரியவில்லை.

இரண்டாயிரத்து எட்டில் போன் லைனை அவரே எடுக்கச் சொல்லிவிட்டார். கம்ப்யூட்டரைத் துணி போட்டு மூடிவைத்து, கொஞ்ச நாள் கழித்து அஸ்த்ரூபலின் மகளுக்குக் கொடுத்தார். கட்டில் பழைய இடத்துக்கே திரும்பி வந்தது.

இப்போது அவருக்கு வயது ஆகிவிட்டது. சாரம் ஏறுவதில்லை. பூங்காவில் காது கேளாத பையன்களும் பெண்களும் கைபேசியை முன்னால் நிறுத்திவைத்து யாருடனோ கைகளால் பேசுகிறார்கள். லோகாவில் பள்ளிக்கூடத்தில் கற்ற கைப்பேச்சு. எர்மெல் போய்க் கொஞ்ச தூரத்தில் நின்று பார்ப்பார். அவருக்கு அதில் ஒன்றும் புரியாது. அவர்கள் கூப்பிட்டு ஏதாவது கேட்டால் கையைக் குவித்து வணக்கம் மாதிரி வைத்துவிட்டு வந்துவிடுவார்.

ஞாயிறு பகலில் என் வீட்டுக்குச் சாப்பிட வருகிறார். எனக்கு இப்போது நூறு, நூற்றைம்பது சொல் தெரியும். போன மாதம் சூப்புக் கிண்ணத்தை நகர்த்தி வைத்துவிட்டு ஒரு கதை சொல்ல ஆரம்பித்தார். அரை மணி நேரத்துக்கு மேல் இருக்கும். எனக்குப் பிடிபட்டது: ஆறு, கோவேறு கழுதை, ஏனித், அம்மாவின் காதணி, மறுபடி ஆறு. ஏதோ தொலைந்தது, அல்லது கிடைத்தது. நடுவில் கைகள் தலைக்கு மேலே போயின, நெற்றிக்குப் போயின, பழைய உயரத்துக்கே போயின. எனக்குப் புரியவில்லை என்று அவருக்குத் தெரியும். ஆனாலும் ஒன்றையும் விடாமல், அவசரப்படாமல், கடைசி வரை சொன்னார். முடிவில் மேஜையைக் குத்திச் சிரித்தார். நானும் சிரித்தேன். கண்ணைத் துடைத்துக்கொண்டு கிண்ணத்தை மறுபடி பக்கத்தில் இழுத்து, ஆறிப்போன சூப்பைக் குடிக்க ஆரம்பித்தார்.